டப்ளின் நகரத்துக் கூலியாள்

வேதசாட்சிகளுடைய சரித்திரத்தையும் வனவாசிகளுடைய சரித்திரத்தையும் வாசித்துவிட்டு, இதெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு பிழைப்பு நடத்துகிற நமக்கு எட்டாத காரியம் என்று புத்தகத்தை மூடிவைக்கிறவர்கள் நம்மில் உண்டு. ஆகையால் இந்த வாரம் ஒரு மரக்கிடங்குக் கூலியாளின் சரித்திரத்தை உங்களுக்குச் சொல்லுகிறோம். அவர் குருவுமல்ல, மடத்துத் துறவியுமல்ல. சாகும்வரை கூலிக்கு உழைத்தவர். அதிலும், வாலிபப் பிராயம் முழுவதையும் குடியில் தொலைத்தவர். அவர் பெயர் மாட் டால்பட்.

1856-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவர். தகப்பனார் சார்லஸ் துறைமுகத்தில் வேலை செய்தார், தாயார் எலிசபெத். வாடகை கொடுக்க வழியில்லாமல் அடிக்கடி வீடு மாறுகிற குடும்பம். சிறுவனைக் கிறிஸ்தவ சகோதரர்களின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவனோ போன நாளைவிடப் போகாத நாளே அதிகம். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவோடு படிப்பு நின்றது.

பன்னிரண்டாம் வயதில், புட்டிகளில் பீர் அடைத்து விற்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. கெடுதி அங்கே தொடங்கியது. அடியில் தங்கின மிச்சத்தைப் பெரியவர்கள் குடிப்பதைப் பார்த்துப் பையனும் குடித்தான். தகப்பனார் அதைக் கண்டுபிடித்து நன்றாக அடித்து, இனித் தம் கண்பார்வையில் இருக்கட்டும் என்று துறைமுகக் கிடங்கிலே சேர்த்துவிட்டார். அங்கே விஸ்கிப் பீப்பாய்கள் அடுக்கி வைத்திருந்தார்கள்! தகப்பனாரும் குடிப்பவர்தான். தாம் குடித்துக்கொண்டே பிள்ளையைக் குடிக்காதே என்று அடிப்பதால் ஆகிற பலன் என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் ஒருவரைத் தவிர மற்றச் சகோதரரும் அதே வழியில் போனார்கள்.

இருபத்தெட்டு வயதுவரை மாட் இப்படியே இருந்தார். வேலையில் மாத்திரம் சோம்பலில்லை. கொத்தர்களுக்குச் சித்தாளாக நின்றபோது ஒருவரும் அவரைக் குறைசொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை வாங்கின கூலி சாராயக்கடையிலேயே கரைந்துபோகும். காசு தீர்ந்தால் காலில் கிடக்கிற பூட்ஸை விற்றுக் குடித்ததுமுண்டு. சனிக்கிழமை மாலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்கு இதை விவரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஒருநாள் அவரும் அவருடைய கூட்டாளிகளும், தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஓர் ஏழையின் பிடிலை எடுத்துப்போய் அந்தப் பணத்துக்கும் குடித்துவிட்டார்கள். அந்த மனிதனுக்கு வேறு பிழைப்பு இல்லை. இந்தப் பிடிலை மறந்துவிடாதேயுங்கள்.

1884-ம் ஆண்டு ஒரு சனிக்கிழமை வந்தது. அந்த வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆகையால் கையில் காசில்லை. தாம் எத்தனையோ முறை வாங்கிக்கொடுத்த சிநேகிதர்கள் இன்று தமக்கு வாங்கிக்கொடுப்பார்கள் என்று நம்பி, தம்பிமாரோடு சாராயக்கடை மூலையில் நின்றார். கூலி வாங்கின சிநேகிதர்கள் கும்பல் கும்பலாய் வந்தார்கள், சுகம் விசாரித்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். ஒருவராவது அவரைக் கூப்பிடவில்லை. அந்த அவமானம் அவர் நெஞ்சில் தைத்தது. நேரே வீட்டுக்கு நடந்தார்.

பட்டப்பகலில், குடிக்காமல் வந்து நிற்கிற மகனைக் கண்டு தாயார் திகைத்தார்கள். குடியை விடுவதாகப் பிரதிக்கினை பண்ணப்போகிறேன் என்று மகன் சொன்னதும், அந்த அம்மாள் சந்தோஷத்தால் துள்ளவுமில்லை, பழைய கணக்கை எடுத்து நீட்டவுமில்லை. காப்பாற்றுகிற எண்ணமில்லாவிட்டால் அந்தப் பிரதிக்கினையைப் பண்ணவேண்டாம் என்றும், எண்ணமிருந்தால் சர்வேசுரன் பேரால் போய்வா என்றும் சொல்லி அனுப்பினார்கள். எத்தனையோ வருஷம் அழுத தாய் இவ்வளவு நிதானமாய்ப் பேசினது எப்படி என்று ஆச்சரியமாயிருக்கிறது. மாட், கிளான்லிஃப் திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போய், வெகு காலத்துக்குப்பின் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லையென்று வாக்குக் கொடுத்தார். மறுநாள் விடியற்காலம் ஐந்து மணிக்கு, கார்டினர் தெருவிலுள்ள அர்ச். சவேரியார் கோவிலில் பூசை கண்டு நன்மை வாங்கினார்.

பிரசங்கங்களில் இந்தச் சனிக்கிழமையைத்தான் பெரிதாய்ச் சொல்லுவார்கள். எமக்கோ, அதற்குப் பின்வந்த திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையுமே பெரிதாய்த் தோன்றுகின்றன. வாக்குக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். வேலை முடிந்த பிறகு, படுக்கப்போகிற நேரம்வரைக்கும் உள்ள அந்த மூன்று நான்கு மணி நேரத்தை என்ன செய்வது? பதினைந்து வருஷமாய் அந்த நேரம் சாராயக்கடைக்குச் சொந்தமாயிருந்ததே! தெருவில் நடந்தால் மூலைக்கொரு கடை. கடைக்குள் பழைய சிநேகிதர்கள். மாட் செய்தது இதுதான்: சிநேகிதர்கள் வராத இடமாகிய கோவிலுக்குள் போய், படுக்கிற நேரம்வரை அங்கேயே இருந்தார். முதலில் பெரிய பக்தி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. மூன்று மாதம் முடிந்தால் திரும்பவும் குடிப்பேன் என்று தாயாரிடம் சொல்லிக்கொண்டே நாட்களை எண்ணினார். மூன்று மாதம் முடிந்தது. இன்னும் ஆறு மாதத்துக்கு வாக்குக் கொடுத்தார். அதற்குப்பின் ஆயுள் முழுவதுக்கும்.

நடுவில் ஒருநாள் பலவீனம் மேலிட்டு ஒரு கடைக்குள் நுழைந்தும்விட்டார். கடைக்காரன் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்து, இவரைத் திரும்பிப் பாராததால், கோபத்தோடு வெளியேறி நேரே கோவிலுக்குப் போனார். அன்றுமுதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார். வரப்பிரசாதத்தை நம்புகிறவன் தன் சட்டைப்பையைக் கவனிக்கவேண்டியதில்லை என்று நினையாதேயுங்கள். புகையிலையையும் பிறகு விட்டார். புதிதாய் வாங்கின குழாயையும் புகையிலையையும் கேட்ட ஒரு கூலியாளுக்கே கொடுத்துவிட்டு, பிறகு தொடவில்லை.

குடித்த கடன்களோ? கடை கடையாய்ப் போய்த் தீர்த்தார். பிடில்காரனை மாத்திரம் கண்டுபிடிக்க முடியவில்லை. டப்ளின் தெருக்களில் வருஷக்கணக்காய்த் தேடினார். கடைசியில், அவன் இறந்திருப்பான் என்று எண்ணி, அந்தப் பிடிலின் விலையை அவன் ஆத்துமத்துக்காகப் பூசைக்குக் கொடுத்தார். மனஸ்தாபப்பட்டேன், சர்வேசுரன் மன்னித்துவிட்டார், இனி என்ன என்று அவர் சும்மாயிருக்கவில்லை.

ஐந்து மணிப் பூசையை ஆறேகால் மணிக்கு மாற்றினபோது, ஆறு மணிக்குத் தொடங்கும் வேலையை விட்டுவிட்டு, எட்டு மணிக்குத் தொடங்குகிற மார்ட்டின் கம்பெனி மரக்கிடங்கில் சேர்ந்தார். பூசைக்குத் தக்கபடி வேலையைத் தேடிக்கொண்டவர் இவர்! அங்கே மற்றவர்களைவிடக் குறைவாய் உழைத்தார் என்று எண்ணவேண்டாம். மரங்கள் வரும்வரை சும்மா நின்ற நேரமும் உண்டென்று சொல்லி, அதிகப்படி வேலைக்கான கூலியை வாங்கத் தயங்கினார். ஆண்டவருடைய திருநாமத்தை யாராவது வீணாய் உச்சரித்தால் சண்டைக்குப் போகமாட்டார். தொப்பியைச் சற்றே தூக்கி மரியாதை செய்வார். அடுத்த முறை வாய் தானே அடங்கும். எல்லாரிடத்திலும் சாந்தமாயிருந்தாரென்றும் சொல்வதற்கில்லை. ஒருமுறை மேலதிகாரியிடம் கடுமையாய்ப் பேசிவிட்டு, பிற்பாடு அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். மனைவி மக்களுள்ள கூலியாட்களுக்குக் கொடுக்கிற கூலி போதாதென்பது அவருடைய அபிப்பிராயம். 1913-ல் டப்ளின் தொழிலாளருக்கும் முதலாளிமாருக்கும் பெரும் தகராறு உண்டானபோது தோழர்களோடு தாமும் வெளியே நின்றார். தம்முடைய கூலியில் மிஞ்சினதை அப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

1890-ல் அர்ச். பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். வாசிக்கத் தடுமாறினவர், வேதாகமத்தையும் அர்ச். அகுஸ்தினுடைய நூலையும் மெல்ல மெல்ல வாசித்து, மனதில் பட்டதைக் காகிதத் துண்டுகளில் கோணல் எழுத்தில் குறித்துக்கொண்டார். பலகைமேல் படுத்து, நடுச்சாமத்துக்குப்பின் எழுந்து ஜெபிப்பார். தகப்பனார் 1899-ல் இறந்தபின், தாயார் இந்த மகனோடேயே வந்திருந்து 1915-ல் மரித்தார்கள். காசில்லாமல் வாசலில் வந்து நின்ற அந்தப் பிள்ளையின் கையால் கடைசிப் பதினாறு வருஷம் சாப்பிட்டார்கள்.

1923-ல் இருதய நோய் கண்டு வேலை நின்றது. சொற்பமான நோய்ப்படியில் காலந்தள்ளிய அந்நாட்களிலும், சீன தேசத்து வேதபோதகத்துக்கென்று தம் பங்காக ஒரு பவுனும் தம் சகோதரியின் பங்காகப் பத்து ஷில்லிங்கும் அனுப்பினார். கொஞ்சம் குணமானதும் 1925-ல் மறுபடி மரக்கிடங்குக்குப் போனார்.

அவ்வருஷம் ஜூன் 7-ந் தேதி, தமதிரித்துவத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு பூசை கண்டுவிட்டு, அடுத்த பூசைக்காகச் சாமிநாதர் சபைக் கோவிலை நோக்கிப் போகையில், கிரான்பி சந்தில் விழுந்து அங்கேயே உயிர்விட்டார். வயது 69. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவர் இன்னாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. உடையைக் களைந்தவர்கள் சரீரத்தில் சங்கிலிகளைக் கண்டு திடுக்கிட்டார்கள். தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்ததின் அடையாளமாக அவற்றை அவர் இரகசியமாய் அணிந்திருந்தார். ஆத்தும குருவின் ஆலோசனையின்றி அதை நீங்கள் கண்டுபாவிக்கவேண்டியதில்லை. சங்கிலியைப் பற்றியே பேசிப் பேசி, அடைத்த கடன்களையும் காசில்லாத சட்டைப்பையையும் மறந்துவிடுகிறவர்கள் அநேகர்.

ஜூன் 11-ந் தேதி, தேவநற்கருணைத் திருநாளன்று, கிளாஸ்நெவின் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். மறுவருஷம் சர் ஜோசப் கிளின் என்பவர் அவருடைய சரித்திரத்தைச் சிறு புத்தகமாய் வெளியிட்டபின் அவர் பெயர் பல தேசங்களுக்கும் பரவியது. 1972-ல் அவருடைய சரீரத்தை அவர் நடமாடின ஏழைகளின் பகுதியிலேயே உள்ள லூர்து மாதா கோவிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1975-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்னும் பட்டத்தை அளித்தார். அவர் விழுந்த சந்திலிருந்து, அன்று பூசைக்குப் போய்க்கொண்டிருந்த கோவில் கூப்பிடு தூரந்தான்.