காட்டுத்தீயும் கஜானாவும்: பிராண்டிஸ் வாழ்வு காட்டும் பாடம்

தூத்துக்குடித் துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தோழருக்கும், மேற்கே மலைச்சரிவிலே பற்றும் நெருப்புக்கும் என்ன தொடர்பு? உண்டு. அவர் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து வருகிறது. வல்லநாட்டுக்கு அதைத் தருவது தாமிரபரணி. தாமிரபரணிக்குத் தருவது மலைக்காடு. காடு கருகினால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். கோடையிலே ஆறு மெலியும். குழாயடியிலே குடங்கள் வரிசை கட்டும். காட்டுத்தீ மலையடிவாரத்தாரின் கவலை மட்டுமல்ல, கடற்கரையாரின் கவலையுமாகும்.

அந்தக் கவலையை அரசாங்கத்தின் கடமையாக்கப் பாடுபட்டவர் டீட்ரிக் பிராண்டிஸ். 1824-ல் ஜெர்மனியின் பான் நகரிலே பிறந்தவர். அங்கே தாவரவியல் போதித்தவர். செராம்பூர் பாதிரியார் மார்ஷ்மனின் மகளை மணந்தார். அந்த உறவின் வழியே கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் காதுக்கு அவர் பெயர் எட்டியது. கும்பெனி ஆட்சி பிடித்துக்கொண்ட பர்மாவின் பெகு பகுதியில், தேக்குக் காடுகளின் அதிகாரியாக 1856-ல் வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலில் வெட்டவில்லை, எண்ணினார். யானை மீதேறிக் காடு காடாகப் போனார். மூங்கில் துண்டுகளைக் கையிலே வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்ட ஒவ்வொரு தேக்குக்கும் அதன் பருமனுக்குரிய துண்டிலே கத்தியால் ஒரு கோடு கீறினார். எத்தனை மரம் முதிர்ந்தது, எத்தனை வளர்கிறது என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்று வரம்பு கட்டினார். முத்துக்குளித்துறையிலே இது புதிய பாடமல்ல. பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று முங்கிப் பார்த்த பிறகுதானே சலாபத்துக்கு நாள் குறித்தார்கள்? முதிராத ஆண்டிலே பாரைத் தொடவிட்டார்களா? அந்த நியாயத்தைத்தான் அவர் காட்டுக்குச் சொன்னார். மர வியாபாரிகள் சீறினார்கள். அவர் அசையவில்லை.

மலைகளிலே காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்த கரேன் மக்களை அவர் விரட்டியடிக்கவில்லை. நெல்லோடு தேக்கையும் நட்டு வளர்க்கச் செய்து, அதற்குக் கூலியும் கொடுக்கச் செய்தார். எரித்த கையே நட்ட கையாயிற்று. தவுங்யா என்று அந்த முறை உலகெங்கும் பேர் பெற்றது.

1864-ல் இந்தியக் காடுகள் அனைத்துக்கும் முதல் தலைமை அதிகாரியானார். அந்நாளிலே, காட்டுத்தீயைத் தடுக்கவே முடியாது என்று அதிகாரிகள் பலர் கைவிரித்தனர். மத்திய மாகாணத்துப் போரிக் காட்டிலே கர்னல் பியர்சன் தடுத்துக் காட்டினார். கோடைக்கு முன்பே புல்லையும் புதரையும் அகற்றிக் கோடு வெட்டுவது, காய்ந்ததைக் காலம் பார்த்து எரித்துவிடுவது, வெயில் மாதங்களில் காவல் வைப்பது: இவ்வளவுதான் வித்தை. பிராண்டிஸ் அதை நாடெங்கும் பரப்பினார். 1878-ல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றியதும் அவர் முயற்சியால்தான்.

ஆனால் கோடு வெட்டவும் காவல் வைக்கவும் பணம் வேண்டுமே! வெள்ளையர் சர்க்காரின் கண் ரயில் மீதிருந்தது. தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். 1876-ல் ரயில் தூத்துக்குடிக்கே வந்துவிட்டது. காடு வருமானம் காட்டினால்தான் காட்டுக்குச் செலவு செய்வோம் என்றது கஜானா.

1878 வனச் சட்டம் வந்தபோது இரண்டு கருத்துகள் மோதின. காடு முழுவதும் சர்க்காருக்கே என்றார் பேடன் பவல். சர்க்கார் காடும் இருக்கட்டும், கிராமத்துக்கென்று கிராமக் காடும் இருக்கட்டும் என்றார் பிராண்டிஸ். பேடன் பவல் பக்கமே சட்டம் சாய்ந்தது. கிராமத்தாரின் உரிமை பறிபோகும் என்று சென்னை மாகாணம் அதை ஏற்க மறுத்தது. 1881-ல் பிராண்டிஸ் சென்னைக்கு வந்தார். 1882-ல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின் ஆட்சியிலும், அவர் விரும்பிய கிராமக் காடு ஏட்டோடு நின்றது. காவலும் அபராதமும் மட்டும் நாட்டுக்கு வந்தன.

விளைவு என்ன? 1921-ல் குமாவோன் மலைகளிலே, உரிமை இழந்த மக்களே சர்க்கார் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அதன் பின்னர்தான் அரசு இறங்கி வந்து, 1931-ல் அங்கே வனப் பஞ்சாயத்துக்கு விதி வகுத்தது. பிராண்டிஸ் சொன்னதை நெருப்பு சொல்லிக் கொடுத்தது!

அவரும் எல்லாம் அறிந்தவரல்லர். ஈரம் மிகுந்த பர்மாக் காடுகளில் தீயை அடியோடு தடுத்ததால் தேக்குக் கன்றுகள் முளைக்காமல் போயின. பின்வந்தவர்கள் அங்கே தடையைத் தளர்த்தினார்கள். எங்கே தடுப்பது, எங்கே பருவம் பார்த்துச் சிறு தீ வைப்பது என்பதை அந்தந்தக் காடுதான் சொல்ல வேண்டும்.

1883-ல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்சோ அவரிடம் பாடம் கேட்டவர்தான். இந்திய மரங்கள் பற்றிய பெருநூலை 1906-ல் வெளியிட்டார். மறு ஆண்டு பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்றும் நிற்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிலே தீயில் சிக்கி 23 பேர் மாண்டனர். காட்டுத்தீத் தடுப்புக்கு மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவை மத்தியும் மாநிலமும் 60-க்கு 40 என்று பகிர்கின்றன. ஆனால் நெருப்பு நிதியாண்டு பார்த்து வருவதில்லை. மார்ச்சிலே வந்து சேரும் பணம், ஜனவரியிலே வெட்ட வேண்டிய கோட்டை வெட்டுமா? உண்ணிச்செடிப் புதரைக் களையுமா? பருவக் காவலுக்கு நிற்கும் தொழிலாளியின் அடுப்பை எரியச் செய்யுமா?

தோழர்களே! நாம் கேட்க வேண்டியவை மூன்று. கோடைக்கு முன்பே பணம் வர வேண்டும். தீக்காவலருக்கு முறையான கூலியும் பாதுகாப்பும் வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்ட கிராம சபையின் உரிமை காட்டிலே நடப்புக்கு வர வேண்டும். காட்டிலே உரிமை உள்ளவன்தான், தீ பொறியாக இருக்கும்போதே மிதித்து அணைப்பான்.