அமர்ந்தே பணிபுரிந்த அம்மையார்: டாக்டர் மேரி வர்கீஸ்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழும் நமக்கு வேலூர் அந்நியமான ஊரன்று. தொழிற்கூடத்தில் கை நசுங்கியவரையும் நெடுஞ்சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்தவரையும் பெங்களூருக்கோ வேலூருக்கோ கொண்டுசெல்வது இப்பகுதியின் வழக்கம். அவ்வேலூரில் தொண்டாற்றி மறைந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்வை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

கொச்சிப் பகுதியில் 1925ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954இல் உடன் பணியாற்றுவோருடன் அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகம் சிதைந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின. தண்டுவடம் பழுதுற்றோர் பலர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரக நோயாலும் மாண்டுபோன காலம் அது.

தொழுநோயாளரின் கைகளைச் சீரமைப்பதில் உலகப்புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு அப்போது வேலூரில் இருந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். நலமாயுள்ள தசையொன்றின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைத்தால் அவ்விரல் மீண்டும் நிமிரும். இவ்வறுவையை மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம். கண்ணும் கையும் வேண்டுமேயன்றிக் காலுக்கு அதில் பங்கில்லை. பிராண்டு காட்டிய இவ்வழியில், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அம்மையார் கையறுவையில் தேர்ச்சி பெற்றார். இவ்வரலாற்றில் நம் சிந்தையைப் பெரிதும் கவர்வது இப்பகுதியே. அவருக்கு எவரும் இரக்கப்பட்டு ஒரு பதவியை அளித்துவிடவில்லை. இயன்ற பணி எதுவெனத் தேடப்பட்டது. அறுவை அரங்கு வரை செல்ல வழியும் செய்யப்பட்டது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பி வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடலைப் பேணுதல், கைத்தொழில் ஆகியவற்றை நோயாளிகள் அங்கே தங்கிக் கற்கின்றனர். குடும்பத்தாரும் உடனிருந்து கற்கின்றனர். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார் 1986இல் மறைந்தார்.

அந்நிலையத்திலிருந்து தேறி வரும் ஓர் இளைஞர் கல்லூரியில் சேர விழைந்தால் நிகழ்வது என்ன? அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. இடம் கிடைத்துவிடும், வகுப்பறையோ மாடியில் இருக்கும். சாய்தளம் அமைப்பதிலும் ஒரு கணக்குண்டு. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அரையடி உயரமுள்ள மூன்று படிகளுக்குப் பதினெட்டடி ஆகிறது. இடமில்லையென்று ஆறடியில் முடித்துவிட்ட சாய்தளத்தில் நாற்காலியைத் தாமே உருட்டி ஏறுதல் அரிது, இறங்குதலோ ஆபத்து. கழிப்பறை வாயில் குறுகியதாயின் நாற்காலி உள்ளே நுழையாது. பகல் முழுதும் நீர் அருந்தாமல் வகுப்பில் இருப்போர் உண்டு; தண்டுவடம் பழுதுற்றவர்க்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழியாகும்.

இவற்றுக்கெல்லாம் பொருட்செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மாடியிலுள்ள வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றச் செங்கல்லும் சிமெண்டும் வேண்டா. கல்வியாண்டின் தொடக்கத்தில், கால அட்டவணை எழுதப்படும் அன்றே அது இயலும்.