மார்த்தா மால்ட் அம்மையார்

நாஞ்சில் நாட்டில் பெண்மக்களுக்குக் கல்வி வேண்டுவதில்லை என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அவர்களுக்கெனப் பாடசாலை நடத்திய மாதரசியருள் மார்த்தா மால்ட் அம்மையாரை நாம் மறத்தலாகாது. இங்கிலாந்து தேசத்தவரான இவர், தம் கணவர் சார்லஸ் மால்ட் ஐயருடன் 1819-ஆம் ஆண்டு நாகர்கோவிலை அடைந்தார். அவ்வாண்டில் ஜொஹன்னா மீட் அம்மையார் தொடங்கிய பெண் பாடசாலையைப் பின்னர் இவர் ஏற்று நெடுங்காலம் பேணி வளர்த்தார்.

கதவைத் திறந்து வைத்த மாத்திரத்தில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்துவிடுவதில்லை. வறிய பெற்றோர் மகளின் உழைப்பை இழக்க இசையார். திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிய அந்நாளில், சிறுமியர் சிலர் தம் உடலுக்கும் உரிமையற்றிருந்தனர். ஆதலின் அம்மையார் பள்ளியையே அவர்தம் நிலைக்கு இசைய அமைத்தார். உண்டு உறைந்து கற்க இடமளித்தார். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலையும் சேர்த்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ் வேலையை 1821-இல் புகுத்தினார். அதனால் வந்த ஊதியத்தைக்கொண்டு அடிமைச் சிறுமியர் சிலர் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றனர். சட்டம் அவ்வடிமைத் தளையை அறவே நீக்கியதோ 1855-இல்தான். அத்தொழில் பிற்காலத்தில் இந்நாட்டுப் பெண்டிர் பலருக்குப் பிழைப்புமாயிற்று.

மாணாக்கர் பள்ளிக்கு ஏற்றவராக வேண்டுமென்று காத்திராது, பள்ளியை மாணாக்கர்க்கு ஏற்றதாக்குதலே அம்மையார் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி. ஆசிரியத் தொழிலை நாடும் நம் மாணவ நண்பர்கள், பின்தங்கும் பிள்ளையைக் குறைகூறுமுன் அதனைத் தடுப்பது யாதெனத் தேடுவாராக.