வகுப்பறையிலிருந்து சட்ட மேலவைக்கு: ஆர். எஸ். சுப்பலட்சுமியின் பொதுவாழ்வு

முன்னுரை

சகோதரி சுப்பலட்சுமி என அறியப்பெறும் ஆர். எஸ். சுப்பலட்சுமி (1886–1969), இளங்கைம்பெண்களுக்கு இல்லம் நிறுவியவராகவே பெரிதும் நினைக்கப்பெறுகிறார். 1952 முதல் 1956 வரை சென்னை மாநிலச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக அவர் இருந்தமை பின்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய கல்விப்பணிக்கும் சட்ட மேலவைப் பதவிக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வியும் இல்லமும்

சென்னை மயிலாப்பூரில் பிறந்த சுப்பலட்சுமி சிறுவயதில் மணம் முடிக்கப்பெற்று, விரைவிலேயே கணவரை இழந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் அவரை வீட்டினுள் முடக்காது கற்பித்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரி ஆனார்.

அக்காலத்தில் பெண்பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைத்தல் அரிது. மறுபுறம் கைம்மை நோற்ற சிறுமியர் எவ்விதப் பணியுமின்றி வீட்டு மூலையில் ஒதுக்கப்பெற்றனர். இவ்விரு குறைகளையும் ஒருங்கே நோக்கியதே சுப்பலட்சுமியின் தனித்திறன் எனலாம். பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்சின் துணையுடன் 1912-இல் எழும்பூரில் தொடங்கிய இல்லம், பின்னர் கடற்கரையில் அரசு வாங்கிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு மாறியது. அங்குப் பயின்ற பெண்கள் ஆசிரியைகளாயினர். 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சி நிறுவனத்தின் தலைமையாசிரியராகச் சுப்பலட்சுமி பொறுப்பேற்றார்.

இவ்வில்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கே இடமளித்தது. ஆசாரம் மிக்க குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற இவ்வரையறை உதவியது. எனினும் பிற சமூகப் பெண்களை அது வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் மறைத்தல் கூடாது.

அரசுப் பணியின் கட்டுப்பாடு

சுப்பலட்சுமி பிறந்த அதே 1886-இல் பிறந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் 1927-இல் சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்றுச் சீர்திருத்தங்களை அவையிலேயே முன்மொழிந்தார். அரசு ஊழியரான சுப்பலட்சுமிக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்திலும் காங்கிரசிலும் உறுப்பினராவதையே அவர் தவிர்த்தார். ஆயினும் சம்மத வயதை ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சான்றளித்தார். 1929-இல் நிறைவேறிய குழந்தைமணத் தடைச் சட்டம் பெண்ணின் மணவயதை 14 எனவும் ஆணின் மணவயதை 18 எனவும் வரையறுத்தது. சட்டமியற்றும் அவையில் இடம்பெறாமலேயே ஒரு சட்டத்தின் உருவாக்கத்தில் அவர் பங்குகொண்டார் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஓய்வுக்குப் பின்

பணி ஓய்வு அவருக்கு விடுதலையாக அமைந்தது. 1942-இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். தம் 66-ஆம் வயதில் மேலவை உறுப்பினரானார். அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு மேலவையில் ஆசிரியர் தொகுதிக்கெனப் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கியது. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகசேவை ஆகியவற்றில் தேர்ந்தோரை ஆளுநர் நியமிக்கவும் வழிசெய்தது. வாழ்நாள் ஆசிரியரான சுப்பலட்சுமி தேர்தல் வழியே அன்றி நியமன வழியே அவைக்கு வந்தார். அவரைப் பொறுத்தவரை கற்பித்தலே சமூகசேவையாக இருந்தமையால் இதில் முரண் இல்லை.

மேலவைப் பதவி நிறைவுற்ற 1956-ஆம் ஆண்டிலேயே, மயிலாப்பூர் மகளிர் மன்றம் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்குவதற்கு அவர் துணைநின்றார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, மறைந்தார்.

முடிவுரை

மேலவை உறுப்பினர் பதவியைச் சுப்பலட்சுமியின் வாழ்வின் உச்சமாகக் கொள்வது பொருந்தாது. அதனைப் பொருட்படுத்தாது விடுவதும் பொருந்தாது. மணவயதைச் சட்டம் உயர்த்திய பின்னும், அவ்வாறு காலம் தாழ்த்தப்பெற்ற திருமணத்திற்கு முன் ஒரு பெண் செல்வதற்குப் பள்ளியும், அங்குக் கற்பிக்க ஆசிரியையும் தேவைப்பட்டனர். அவ்வாசிரியையை உருவாக்கியவர் சுப்பலட்சுமி. 1952-இல் அவரை அவைக்கு அழைத்த நியமனம், நாற்பதாண்டுகளாக அவர் வகுப்பறையில் ஆற்றிவந்த பொதுப்பணிக்கு அரசு காலந்தாழ்த்தி அளித்த ஏற்பே எனலாம்.