கொல்லர் மகனும் காடாத் துணியும்



மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் ஆளாளுக்கு ஒரு தலைவரை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஃபாரடே. கிடைத்தவர் என்ன, நானே கேட்டு வாங்கினேன். நம் பாடப் புத்தகத்தில் அவர் இரண்டு விதிகளாக மட்டும்தான் வருகிறார். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். என்னால் மறக்க முடியாமல் போனதற்கு, பாதியில் நின்றுபோன ஒரு மணிச் சத்தம் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ், கொல்லுப் பட்டறைத் தொழிலாளி. உடம்புக்கு முடியாதவர், பல நாள் வேலைக்குப் போக முடியாது. 1801-இல் தானிய விலை ஏறியபோது பையனுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கொடுக்க முடிந்ததாம். எழுத்துக் கூட்டிப் படிக்க, எழுத, கூட்டல் கழித்தல் போட, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பேப்பர் கொண்டுபோய்க் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தார். மறுவருஷமே ஏழு வருஷ ஒப்பந்தத்தில் பைண்டிங் வேலை. பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். மாலையில் டாட்டம் என்பவர் நடத்திய அறிவியல் வகுப்புக்குப் போக ஆசை. ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் யாருங்க? அப்பாவின் தொழிலையே பார்த்துவந்த அண்ணன் ராபர்ட். நம்மில் எத்தனை பேருக்கு அண்ணனோ அக்காவோ தறி ஓட்டிப் பீஸ் கட்டுகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1812-இல் கடைக்கு வந்துபோகும் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதையெல்லாம் படத்தோடு எழுதி, தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். தெரிந்த தொழில் கைகொடுத்தது. 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 25 ஷில்லிங், மேல்மாடியில் இரண்டு அறை. டேவியோடு ஐரோப்பா சுற்றப் போன இடத்தில் டேவியின் மனைவி இவரை வேலைக்காரன் மாதிரியே நடத்தினார். பொறுத்துக்கொண்டார். 1815-இல் டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கு செய்தபோது கூட இருந்து உழைத்தவரும் இவர்தான்.

அவருக்குக் கணக்கு வராது. கணக்கில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். அந்தக் குறையைக் கையாலும் கண்ணாலும் ஈடுகட்டினார். பிற்பாடு மாக்ஸ்வெல் வந்துதான் அவர் சொன்னதைக் கணக்காக எழுதினார்.

1831 ஆகஸ்ட் 29-க்கு வருவோம். ஆறு அங்குலம் குறுக்களவுள்ள ஓர் இரும்பு வளையம். அதில் ஒரு பக்கம் 24 அடி நீளத்தில் மூன்று செம்புக் கம்பிகள், மறுபக்கம் சுமார் 60 அடி கம்பி சுற்றினார். இன்றைக்கு நாம் கடையில் எனாமல் வயர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அவர் கையில் இருந்தது வெறும் கம்பி. ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டால் சோதனை போச்சு. அதனால் சுற்றுக்குச் சுற்று நடுவில் சணல் கயிறு, அடுக்குக்கு அடுக்கு நடுவில் காலிகோ என்ற பருத்தித் துணி. கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிப் போனதால் அந்தத் துணிக்கு அந்தப் பேர். நம் பக்கத்துக் காடாத் துணிக்குப் பங்காளி. ஒரு பக்கம் பேட்டரியைச் சேர்த்தபோதும் எடுத்தபோதும் மறுபக்கத்து முள் ஒரு துள்ளு துள்ளியது. இன்றைய டிரான்ஸ்ஃபார்மரெல்லாம் அந்தத் துள்ளலில் பிறந்ததுதான். நம் ஊர்த் தறிகளுக்கு வரும் கரண்டும் அந்த வழியாகத்தான் வருகிறது.

இப்போது மணிச் சத்தத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பகுதியில் ஒரு நூல் குடோனில் ராத்திரி தீப்பிடித்தது. புகை டிடெக்டர், பேனல், ஹூட்டர் எல்லாம் வைத்திருந்தார்கள். பக்கத்துத் தறிப்பட்டறையில் நைட் ஷிப்ட்டில் இருந்த என் அப்பா காதில் ஹூட்டர் ஒரே ஒரு தடவை கத்தியது விழுந்திருக்கிறது. உடனே நின்றுவிட்டது. யாரோ டெஸ்ட் பண்றாங்க என்று நினைத்துத் தறியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். புகை வந்த பிறகுதான் ஓடினார். ஆள் சேதம் இல்லை. அப்பாவின் வலது முழங்கையில் தழும்பு இருக்கிறது. ஹூட்டருக்குப் போன வயர் சாதாரண பி.வி.சி. அது நூல் மூட்டைகளுக்கு மேலேயே போயிருந்தது. பி.வி.சி. இளகியது, இரண்டு கம்பியும் ஒட்டியது, பேனலில் ஃபியூஸ் போனது. மின்னியல் எடுத்துப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஃபாரடேயின் காடாத் துணி செய்த வேலையும் அந்த பி.வி.சி. செய்யத் தவறிய வேலையும் ஒன்றுதான். கம்பியைக் கம்பி தொடாமல் காப்பது. இன்று தீ எச்சரிக்கைக்கு என்றே செய்யும் கேபிளில் செம்பின் மேல் மைக்கா நாடா சுற்றுகிறார்கள். மேலே உள்ள உறை எரிந்து சாம்பலானாலும் மைக்கா எரியாது. கம்பிகளைப் பிரித்தே வைத்திருக்கும். பி.எஸ். 6387 என்ற தரத்தில் சி பிரிவுச் சோதனை என்றால் 950 டிகிரி செல்சியஸ் தீயில் மூன்று மணி நேரம் கேபிள் வேலை செய்ய வேண்டும். கடையில் எஃப்.ஆர்.எல்.எஸ். என்று கொடுப்பது வேறு. அது தீயைப் பரப்பாது, புகையைக் குறைவாக விடும், நல்லதுதான். ஆனால் தீக்குள் மாட்டிக்கொண்ட பிறகும் மணியடித்துக்கொண்டே இருக்கும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய.

கம்பியின் தடிமனும் உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 300 மீட்டர் தள்ளிப் பத்து ஹூட்டர், ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 600 மீட்டர், 7.26 ஓம், அரை ஆம்பியர். 3.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24 வோல்ட்டில் தாங்கும். கரண்ட் போய், பேட்டரி இறங்கி 21 வோல்ட்டில் நிற்கும்போது கடைசி ஹூட்டருக்கு 17.4 தான் மிச்சம். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 2.2 ஆகக் குறையும்.

மீண்டும் ஃபாரடே. 1836-இல் 12 அடிக்கு 12 அடி அளவில் பெரிய கூண்டு ஒன்று கட்டி, கம்பியும் தகரத் தாளும் போர்த்தி, உள்ளே தானே போய் உட்கார்ந்தார். வெளியே மின்பொறி பறக்கப் பறக்க உள்ளே அவர் கருவியில் அசைவே இல்லை. கேபிளில் அலுமினியத் தாள் சுற்றுகிறோமே, ஷீல்டு, அது அந்தக் கூண்டின் சுருங்கிய வடிவம்தான். மோட்டார் நிறைந்த தறிப்பட்டறையில் அது இல்லாமல் டிடெக்டர் லைன் போட்டால் பேனல் சும்மா சும்மா கத்தும். ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வது வழக்கம்.

1844-இல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் செத்தார்கள். விசாரிக்க ஃபாரடேயை அரசு அனுப்பியது. காற்று எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று எப்படி அளப்பீர்கள் என்று கேட்டாராம். அங்கிருந்த ஆள் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவர்த்திச் சுடரில் போட்டுப் புகையைக் காட்டினான். மருந்து மூட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அவர் உட்கார்ந்திருந்ததே அந்த மூட்டைதான்! கரித்தூளும் அந்த வெடிப்பில் பங்கெடுத்தது என்று அவரும் லையலும் அறிக்கை எழுதினார்கள். பஞ்சுத் தூசு பறக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

1840-களில் மலாயாவிலிருந்து கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் வந்தது. அது நல்ல மின்காப்பு என்று 1848-இல் ஃபாரடே எழுதினார். அதற்கு முன்னாலேயே, 1839-இல், கல்கத்தாவில் டாக்டர் ஓஷாக்னஸி பிரம்பும் கீலும் சுற்றிய கம்பியை ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போட்டுத் தந்திச் சோதனை செய்திருந்தார் என்பதை நாம் விட்டுவிடக் கூடாது. கட்டா பெர்ச்சா பூசிய நூறு மைல் கம்பியைத் தண்ணீரில் முக்கிச் செய்த சோதனையை வைத்து 1854 ஜனவரியில் ஃபாரடே ஒரு விஷயம் விளக்கினார். கம்பி உள்ளே, தண்ணீர் வெளியே, நடுவில் காப்பு: கேபிள் முழுவதுமே ஒரு லேடன் ஜாடி ஆகிவிடுகிறது. அதனால்தான் செய்தி மழுங்கிப்போய்த் தாமதமாக வருகிறது. 1858-இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட மெல்லிய கேபிளில் தாமதத்தை வெல்ல அதிக வோல்ட்டேஜ் கொடுத்தார்கள். சில வாரங்களில் கேபிள் செத்தது. தடித்த செம்பில் 1866-இல் போட்டதுதான் நிலைத்தது. இன்றைய அட்ரஸபிள் பேனலும் ஒவ்வொரு டிடெக்டரோடும் துடிப்புகளால்தான் பேசுகிறது. அதன் கையேட்டில் லூப்புக்கு இத்தனை மைக்ரோஃபாரட்டுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும். அந்த ஃபாரட் இவர் பெயர்தான்.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். கடைசியில் ஞாபகமறதி வந்து ரொம்பச் சிரமப்பட்டார். 1858-இல் விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் வீடு கொடுத்தார். அங்கேதான் 1867 ஆகஸ்ட் 25 அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலமானார்.

அந்த வளையம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். கம்பியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பழுப்புத் துணியைப் பார்த்துவிட்டு, சாதா நெசவுதான் என்றார்.

- இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு, பள்ளிபாளையம்