புதுவையில் பாரதியார் வேண்டிய வரம்

புதுவை மணக்குள விநாயகர் ஆலயத்தை அறியாதார் நம்மில் இலர். அவ்விநாயகரை முன்னிறுத்தி நூல் இயற்றியவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியார். துன்பம் சூழ்ந்த காலத்தில் எதனை வேண்டுவது என்பதற்கு அவரது புதுவை வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

பாரதியார் 11-12-1882 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். சென்னையில் 'இந்தியா' வார இதழில் பணியாற்றியபோது ஆங்கில அரசின் அடக்குமுறை அவரை நெருங்கியது. 1908ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்தார். இங்கிருந்து வெளிவந்த 'இந்தியா' தன் எல்லைக்குள் நுழையாதவாறு ஆங்கில அரசு தடுத்தது. 1910இல் இதழ் நின்றது, வருவாயும் நின்றது. 1911இல் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் ஒற்றர்களின் கண்காணிப்பு கடுமையாயிற்று. மனைவி செல்லம்மாளும் பெண்மக்கள் இருவரும் வறுமையைப் பகிர்ந்துகொண்டனர். 1914இல் உலகப் போர் மூண்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓரணியில் நின்றமையால், அடைக்கலம் தந்த மண்ணும் அவருக்கு உறுதியற்றதாயிற்று.

இத்தகைய புதுவை வாழ்வில் பிறந்ததே 'விநாயகர் நான்மணிமாலை'. வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என்னும் நால்வகைப் பாக்களாலான நாற்பது பாடல்கள் கொண்டது. மனக்கலக்கம் நீங்கவும், செல்வமும் நீண்ட ஆயுளும் பெறவும் தமக்கென அவர் வேண்டியதுண்டு. ஆயினும் அவ்வளவில் அவர் நிற்கவில்லை. மனிதர் முதல் சிற்றுயிர்கள், செடிகொடிகள் ஈறாக அனைத்தும் துயர் நீங்கி இன்புற வேண்டும் என்றார். அதுவும் தம்முடைய செயலாலேயே நிகழ வேண்டும் என்றார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். அவர் வணங்கிய தெய்வம் வேறாயினும், வேண்டிய பொருள் நமக்குப் புதிதன்று. ஓரறிவுயிர்க்கும் தீங்கெண்ணாமை நம் அறம்; அவரவர் முயற்சியே அவரவரை உயர்த்தும் என்பது நம் கொள்கை. தம் துயரை மட்டும் எண்ணுபவரின் உள்ளம் சுருங்கும். பிறவுயிர்க்கும் சேர்த்து வேண்டுபவருக்கோ, செய்ய ஒரு கடமை கிடைக்கிறது. கடமை உள்ளவரிடம் நம்பிக்கை குன்றுவதில்லை.

உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பரிலேயே பாரதியார் புதுவையை நீங்கினார். கடலூர் அருகே கைதாகிச் சில வாரங்கள் சிறையிலிருந்தார். 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டாம் வயதில், சென்னைத் திருவல்லிக்கேணியில் மறைந்தார். புதுவையில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகிறது.

இன்றும் நாளிதழைத் திறந்தால் போரும் பூசலுமே முதலில் கண்ணில் படுகின்றன. மாலையில் விளக்கேற்றி அமரும்போது, எல்லா உயிர்க்குமாக ஒரு நொடி வேண்டுவோம். மறுநாள் நம்மால் இயன்ற ஒரு நற்செயலைச் செய்வோம். இவ்வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோமாக.