பாரிஸ்டர் ஆகாத மதுரை வக்கீல், உயர் நீதிமன்ற நீதிபதி ஆனது எப்படி? மணி ஐயரின் கதை

தாராபுரம் கோர்ட்டில் தினமும் வாதாடும் ஒரு வக்கீல், ஒருநாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆக முடியுமா?

சட்டப்படி முடியும். அரசியலமைப்பின் 217-வது பிரிவு கேட்பது அதிகம் இல்லை. இந்தியக் குடிமகனாக இருக்கணும். உயர் நீதிமன்ற வழக்கறிஞராக 10 வருஷம் அல்லது நீதித்துறைப் பதவியில் 10 வருஷம் முடித்திருக்கணும். அவ்வளவுதான். ஆனா, தகுதி இருப்பது வேற, நாற்காலி கிடைப்பது வேற. இந்த இடைவெளியை 130 வருஷத்துக்கு முன்னாடியே தாண்டிக் காட்டியவர் மதுரைக்காரர் ஒருவர். பெயர் எஸ்.சுப்பிரமணிய ஐயர். ஊர் கூப்பிட்ட பெயர் மணி ஐயர்.

(சுதேசமித்திரன் பத்திரிகையைத் தொடங்கிய ஜி.சுப்பிரமணிய ஐயர் வேறு ஆள். இருவரும் ஒரே காலத்தவர் என்பதால் பலரும் குழப்பிக்கொள்வது உண்டு.)

அப்போ விதி என்னவா இருந்தது?

1861-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த உயர் நீதிமன்றச் சட்டம், நீதிபதி ஆக நான்கு வாசல்களைத் திறந்தது.

1. 5 வருஷ அனுபவம் உள்ள பாரிஸ்டர்.
2. மாவட்ட நீதிபதியாக வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரி.
3. கீழ் நீதிமன்றங்களில் குறிப்பிட்ட பதவிகளில் 5 வருஷம் இருந்தவர்.
4. உயர் நீதிமன்ற வக்கீலாக 10 வருஷம் இருந்தவர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனா, கணக்கைப் பாருங்க. மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்காவது பாரிஸ்டர்களுக்கு, இன்னொரு மூன்றில் ஒரு பங்காவது ஐ.சி.எஸ்.காரர்களுக்கு. பாரிஸ்டர் ஆக லண்டனில் படிக்கணும். ஐ.சி.எஸ். தேர்வும் அப்போது லண்டனில்தான். கப்பல் ஏற வசதி இல்லாத இந்தியர்களுக்கு மிஞ்சியது கடைசி இரண்டு வாசல்கள்தான். தலைமை நீதிபதி பதவி பாரிஸ்டர்களுக்கு மட்டுமே.

குமாஸ்தா வேலையும் பிரைவேட் படிப்பும்

மணி ஐயர் 1842 அக்டோபர் 1 அன்று பிறந்தார். அப்பா, ராமநாதபுரம் ஜமீனின் வழக்கு விவகாரங்களைக் கவனித்துவந்தவர். மகனுக்கு 2 வயது ஆகும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மாவின் பொறுப்பில் வளர்ந்த பையன், மதுரையில் பள்ளிப் படிப்பை முடித்ததும் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார்.

வேலை பார்த்துக்கொண்டே 1862-ல் வக்கீல் தேர்வு எழுதித் தேறினார். ஆனாலும் தொழில் செய்வதற்கான சன்னது கிடைக்கவில்லை. பலர் அதோடு விட்டிருப்பார்கள். அவர் முதலில் இருந்து ஆரம்பித்தார். 1865-ல் மெட்ரிகுலேஷன், 1866-ல் எஃப்.ஏ., 1868-ல் பி.எல். எல்லாமே பிரைவேட்டாகப் படித்து எழுதியவை. இன்று வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிக்கும் பலருக்கும் இந்தக் கஷ்டம் புரியும்.

1869-ல் உயர் நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். ஆனா, சென்னையில் தங்காமல் மதுரைக்கே திரும்பினார். அடுத்த சுமார் 15 வருஷம் அங்கேதான் தொழில். நகராட்சி, கோயில் நிர்வாகம் என ஊர் விவகாரங்களிலும் அவர் பெயர் அடிபட்டது.

சென்னைக்குப் போனதும் மாறிய கதை

1884-ல் மனைவி காலமானார். அதன் பிறகு மதுரையை விட்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்ட 72 பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். 1888-ல் அரசு வழக்கறிஞர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

சனிக்கிழமைகளில் வக்கீல்கள் அவர் வீட்டில் கூடி, புதுத் தீர்ப்புகளை அலசுவார்கள். அந்தப் பேச்சில் இருந்துதான் 1891-ல் மெட்ராஸ் லா ஜர்னல் பிறந்தது.

1895: காலியான ஒரு நாற்காலி

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி டி.முத்துசாமி ஐயர். கீழ் நீதிமன்றங்களில் படிப்படியாக உயர்ந்து, அதாவது மூன்றாவது வாசல் வழியாக வந்தவர். 1895 ஜனவரியில் அவர் மறைந்ததும் அந்த இடத்துக்கு மணி ஐயர் வந்தார். இவர் வந்தது நான்காவது வாசல் வழியாக. சட்டம் கேட்டது 10 வருஷம். இவரிடம் இருந்தது 26 வருஷ வக்கீல் அனுபவம்.

12 வருஷம் நீதிபதியாக இருந்தார். 1900-ல் சர் பட்டமும் வந்தது. 1899, 1903, 1906 என மூன்று முறை தலைமை நீதிபதி பொறுப்பையும் வகித்தார். மூன்று முறையும் தற்காலிகமாகத்தான். பாரிஸ்டர் இல்லாதவருக்கு அந்த நாற்காலியை நிரந்தரமாகத் தர சட்டத்தில் இடம் இல்லை. பார்வை மங்கியதால் 1907-ல் ஓய்வு பெற்றார்.

சர் பட்டம் வேண்டாம்!

ஓய்வுக்குப் பிறகு அமைதியாக இருந்திருக்கலாம். ஆனா, 1916-ல் அன்னி பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவர் ஆனார். 1917 ஜூனில் பெசன்டை அரசு காவலில் வைத்தது. 74 வயது மணி ஐயர் அதே மாதம் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவுக்கு சுயாட்சி கிடைக்க உதவ வேண்டும் என்பது கோரிக்கை. பெசன்ட் அமைப்பின் அமெரிக்க நண்பர்கள் அதை நேரில் எடுத்துப் போனார்கள்.

விஷயம் வெளியே வந்ததும் 1918-ல் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே அவரைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் பின்வாங்கவில்லை. சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது இதற்கு அடுத்த வருஷம்தான். 1924 டிசம்பர் 5 அன்று மணி ஐயர் காலமானார்.

இன்னைக்கு நிலைமை என்ன?

பாரிஸ்டர், வக்கீல் என்ற பாகுபாடு இப்போது இல்லை. 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் வழக்கறிஞர்கள்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் நிரந்தர இந்தியத் தலைமை நீதிபதியாக 1948-ல் பி.வி.ராஜமன்னார் வந்தார். அவரும் சென்னையில் வக்கீல் தொழில் செய்தவர்தான். 1861-ல் எழுதப்பட்ட 10 வருஷம் என்ற எண் மட்டும் இன்றும் மாறவில்லை.

மாறாத இன்னொன்றும் உண்டு. பெயர்களைப் பரிந்துரைப்பது உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும் அடங்கிய கொலீஜியம். தங்கள் முன்னால் தினமும் வாதாடுபவர்களைத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தாலுகா, மாவட்ட கோர்ட்டோடு நிற்பவர்கள் அவர்கள் கண்ணில் படுவது கஷ்டம்.

2004-ல் மதுரைக்கே உயர் நீதிமன்றக் கிளை வந்துவிட்டது. பக்கத்து திண்டுக்கல், கரூர் மாவட்ட வழக்குகள் அங்கே போகின்றன. திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் தாராபுரத்துக்காரர்கள் உயர் நீதிமன்றம் என்றால் இன்றும் சென்னைக்குத்தான் பஸ் ஏறணும். மதுரையில் 15 வருஷம் வாதாடிய மணி ஐயருக்கும், சென்னைக்குப் போன பிறகுதான் அந்த நாற்காலி கிடைத்தது.